பச்சை ஸ்டிக்கர் ஒட்டின ஒயர்

சிவசங்கர் சார் நாலு மணிக்கு வர்றதாச் சொல்லியிருந்தார். இப்போ மணி மூணு. இருங்காட்டுக்கோட்டையில பிரவீனாவோட மாடி வூட்டு ஹால்ல சுத்தி அஞ்சு ஸ்பீக்கர் நிக்குது. அதுல முன்னாடி இருக்கிற ரெண்டு மட்டும்தான் பேசுது. நடுவுல இருக்கிறதும் பின்னாடி ரெண்டும் வாயே திறக்க மாட்டேங்குது. பிரவீனாவுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

சிவசங்கர் யாருன்னா, வடபழனியில படங்களுக்கு ஒலிக்கலவை பண்ற ஸ்டூடியோ வச்சிருக்கிறவர். அவருக்கு ஒரு அசிஸ்டென்ட் தேவைப்படுது. பிரவீனாவோ ஒரகடத்துல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைன்ல, கடைசி டெஸ்டிங் ஸ்டேஷன்ல எட்டு வருஷமா நின்னுகினு இருக்கிறவ. ஆனா அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. சத்தப் பைத்தியம். விடியக்காலை ஷிப்ட் பஸ்ஸுல போறதை ஏழு நிமிஷப் படமா எடுத்து, அதுக்கு நாலு மாசம் சத்தம் சேர்த்திருந்தா. யாரும் சொல்லிக் குடுக்கல. லீவு நாள்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, தப்புத் தப்பாப் பண்ணி, அவளே கத்துகினா.

அந்தப் படத்தை லிங்க்ல அனுப்பினா. சிவசங்கர் போன்ல சொன்னது இதுதான்: "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அஞ்சு பக்கமும் சத்தத்தை நீ எப்படிப் பிரிச்சு வச்சிருக்கேன்னு காதால கேட்டாத்தான் நான் முடிவு பண்ண முடியும். என் ஸ்டூடியோவுல ஒரு மாசத்துக்கு இடம் இல்ல. ஞாயித்துக்கிழமை காஞ்சிபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறேன், உங்க வூடு வழியிலதான் இருக்குது. வந்து கேக்கறேன். அரை மணி நேரம்தான். திங்கக்கிழமை வேற ஒரு பையனுக்குப் பதில் சொல்லணும்."

அரை மணி நேரம். எட்டு வருஷ லைன்ல இருந்து வெளியில போறதுக்கு அரை மணி நேரக் கதவு. அது திறக்கிற நேரம் பார்த்து பின்னாடி ஸ்பீக்கர் ஊமையாப் போயிடுச்சு.

அதுலயும் அந்தப் பின் வலது ஸ்பீக்கர்தான் படத்துக்கே உசுரு. பஸ்ஸுல எல்லாரும் தூங்கிகினு இருப்பாங்க. கடைசி சீட்டுல ஒருத்தி மட்டும் தூங்காம, சூப்பர்வைசர் கிட்ட லீவு கேக்கிறதுக்குத் தனக்குத்தானே ஒத்திகை பாத்துகினு இருப்பா. "சார், ஒரே ஒரு நாள் சார். எங்க அக்கா பொண்ணுக்கு சர்ச்சுல புதுநன்மை சார்." அதையே ஒரு தடவை பணிவா, ஒரு தடவை கெஞ்சலா, ஒரு தடவை கொஞ்சம் கோவமா. ரெண்டு ஸ்பீக்கர்ல கேட்டா அந்தக் குரல் இன்ஜின் சத்தத்துக்குள்ள முழுகிப் போயிடும். அஞ்சுல கேட்டா உங்க வலது தோளுக்குப் பின்னாடி ஒருத்தி உக்காந்து பேசற மாதிரியே இருக்கும்.

அந்த ஒருத்தி வேற யாரும் இல்ல, பக்கத்து போர்ஷன் ஜெர்சி. ரெண்டு பேரும் ஒரே லைன். அவளும் இப்போ இங்கதான் இருக்கா. பின் வலது ஸ்பீக்கர்ல காதை ஒட்டி வச்சுகினு உக்காந்திருக்கா.

"இன்னாடி, ஏதாவது கேக்குதா?"

"மூச்சு கூட விடல," ஜெர்சி சொன்னா.

வெள்ளிக்கிழமை வரைக்கும் இதே செட்டு நல்லாத்தான் பாடிச்சு. அப்போ இன்னா ஆச்சு? ஆனது பிரசன்னா. பிரவீனாவோட வூட்டுக்காரன், கார் கம்பெனியில நட்டு முடுக்கற ஸ்டேஷன். அவங்க டீமுக்கு ஃபைவ் எஸ் லீடர் வேற. ஃபைவ் எஸ்ஸுன்னா, எந்தப் பொருளும் அதது இடத்துல இருக்கணும், ஒயர் தொங்கக் கூடாது, எல்லாத்துக்கும் பேர் எழுதி ஒட்டணும்னு கம்பெனியில ஒரு வேதம். நேத்து பிரவீனா ஓ.டி. போயிருந்த நேரம் பார்த்து, பெரிய மனுஷன் வர்றாரு, வூடு பளிச்சுனு இருக்கட்டும்னு மொத்த ஒயரையும் கழட்டி, துடைச்சு, திரும்ப மாட்டி, நாலு விரல்கடைக்கு ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி, ஒவ்வொரு முனையிலயும் வட்டமா ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருந்தான். பாக்க அம்சமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

பச்சை ஸ்டிக்கருக்கு லைன்ல ஒரே அர்த்தம்தான். செக் பண்ணியாச்சு, சரியா இருக்கு, அடுத்த ஸ்டேஷன்காரங்க கை வைக்காதீங்க. எட்டு வருஷமா அதுக்கு மரியாதை குடுத்துப் பழகின உடம்பு பிரவீனாவோடது. பச்சை ஒட்டினதைப் பிரிச்சா சூப்பர்வைசர் தொலைச்சுப்புடுவார். அதனால ஒயர் பக்கமே அவ போகல. கம்ப்யூட்டரைப் போட்டு உலுக்கினா.

வீடியோ ஓடற பிளேயர்ல சத்தத்தை அப்படியே ரிசீவருக்கு, அதாவது அஞ்சு ஸ்பீக்கருக்கும் பிரிச்சுக் குடுக்கிற பெட்டிக்கு, அனுப்புன்னு ஒரு டிக் இருக்கும். அதை எடுத்தா, போட்டா, திரும்ப எடுத்தா. கம்ப்யூட்டரை அணைச்சு எழுப்பினா. ரிசீவர் ரிமோட்ல இருக்கிற பட்டனையெல்லாம் வரிசையா அமுக்கினா. ரிசீவர் முகத்துல 'ஸ்டீரியோ'ன்னு வந்தது வந்ததுதான். வேற எழுத்தே தெரியாத மாதிரி அதையே காட்டிகினு நின்னுச்சு, சனியன்.

மூணு இருபதுக்கு போன் அடிச்சுது. "செம்பரம்பாக்கம் தாண்டிட்டேன்மா. ரோடு காலியாக் கெடந்துச்சு. பத்து பதினஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

போச்சுடா. நாலு மணி மூணே முக்காலு கூட இல்ல, மூணரையா ஆயிடுச்சு.

பிரவீனா ஒரு நிமிஷம் கண்ணை மூடிகினா. லைன்ல ஒரு போர்டு ஃபெயில் ஆனா இன்னா பண்ணுவோம்? பத்து இடத்துல கை வைக்க மாட்டோம். ஒண்ணைக் கேப்போம், அது சொல்ற பதிலைப் படிப்போம். அவ சவுண்டு செட்டிங்கைத் திறந்தா. எத்தனை ஸ்பீக்கர்னு கேக்கிற இடத்துல முன்னாடியெல்லாம் ரெண்டு, அஞ்சு, ஏழுன்னு வரிசையா வரும். இப்போ ரெண்டு மட்டும்தான் இருக்கு.

அந்த லிஸ்டைக் கம்ப்யூட்டர் தானாப் போடறதில்ல. ஒயரோட அந்தப் பக்கம் இருக்கிற பெட்டியைப் பாத்து, உன்னால எத்தனை முடியும்னு கேக்கும். அது சொல்ற பதிலைத்தான் காட்டும். அப்போ யாரோ 'ரெண்டு'ன்னு பதில் சொல்றாங்க. ரிசீவர் அப்படிச் சொல்லாதே. அஞ்சும் பண்ற பெட்டி எதுக்கு ரெண்டுன்னு சொல்லணும்?

அப்பதான் அவ பேரைப் படிச்சா. ஒரு மணி நேரமா கண்ணு முன்னாடியே இருந்த பேரு. சத்தம் போற இடம்னு ரிசீவர் பேரு இல்ல, டிவியோட பேரு போட்டிருந்துச்சு.

"ஜெர்சி, கம்ப்யூட்டர் டிவி கிட்ட பேசுதுடி. ரிசீவர் கிட்ட பேசவே இல்ல."

புரிஞ்சுபோச்சு. பழைய கனெக்‌ஷன்ல கம்ப்யூட்டர்ல இருந்து ரிசீவருக்கு, அங்க இருந்து டிவிக்கு. பிரசன்னா பாத்தான், கம்ப்யூட்டருக்குப் பக்கத்துலயே டிவி இருக்கு, எதுக்கு ஒயர் ஹாலைக் குறுக்க சுத்தணும்? நேரா டிவியில சொருகிட்டான். டிவி 'எனக்கு ரெண்டுதான்'னு சொல்ல, கம்ப்யூட்டர் அஞ்சையும் ரெண்டாப் பிசைஞ்சு குடுத்துச்சு, டிவி அதைப் பழைய ஒயர் வழியா ரிசீவருக்கு அனுப்பிச்சு. சத்தம் வந்துச்சு இல்ல, அவனுக்கு அது போதும். ஒட்டு பச்சை ஸ்டிக்கர்.

அந்த நேரம் பாத்து பிரசன்னா கையில பிஸ்கட் பாக்கெட்டோட படியேறி வந்தான். பிரவீனா அந்த ஸ்டிக்கரைக் கிழிச்சு அவன் முன்னாடி போட்டா.

"யாரைக் கேட்டு மாத்துன மாமா?"

"நீட்டா இருக்கட்டும்னுதான்..."

"நீட்டா? வேலை கெடைச்சா நான் வடபழனியில ஹாஸ்டல்ல தங்கப் போறேன்னு சொன்னதுல இருந்து நீ ஒரு வார்த்தை பேசல. நான் போகக் கூடாதுன்னுதான பண்ணே?"

சொன்ன உடனே அவளுக்கே சுருக்குனுச்சு. சொன்னது சொன்னதுதான், வாங்க முடியுமா? ஜெர்சி ஸ்பீக்கர் பின்னாடி தலையைக் குனிஞ்சுகினா. பிரசன்னா பிஸ்கட்டை ஜன்னல் மேல வச்சான். டூல்ஸ் பெட்டியில இருந்து கட்டர் எடுத்துட்டு வந்தான். கீழ உக்காந்து, நேத்து பூரா ஒண்ணொண்ணா இறுக்கின டையை ஒண்ணொண்ணா வெட்ட ஆரம்பிச்சான். சடக், சடக், சடக்.

வாசல்ல கார் நிக்கிற சத்தம் கேட்டுச்சு.

"ஒயர் எட்டுதா பாரு," பிரசன்னா சொன்னான். பிரவீனா இழுத்தா. சோபாவுக்குப் பின்னாடி சுத்தி வந்து ரிசீவருக்கு ஒரு ஜாண் குறைஞ்சுது. அவன் சோபாவை ஒரே தள்ளா தள்ளினான். எட்டுச்சு. சொருகினா. டிவி கறுத்துப் போச்சு, பிரவீனாவோட உசுரும் கூடவே போயிட்டு வந்துச்சு. ரிசீவர்ல இன்புட்டை மாத்தினா, படம் திரும்பிச்சு. செட்டிங்ல எத்தனை ஸ்பீக்கர்? ரெண்டு, அஞ்சு, ஏழு. டெஸ்ட்டை அமுக்கினா. முன் இடது. முன் வலது. நடு. பின் இடது. பின் வலதுல வந்தப்போ, காதை ஒட்டிகினு இருந்த ஜெர்சி துள்ளி எழுந்து செவுத்துல முட்டிகினா. பிரவீனா சிரிச்ச சிரிப்புல பிஸ்கட் வச்ச ஜன்னலே அதிர்ந்துச்சு.

சிவசங்கர் உள்ள வந்தப்போ ஹால் பூரா வெட்டின டை செதறிக் கெடந்துச்சு. ஃபைவ் எஸ் லீடர் வூடு. நல்ல வேளை, வந்தவர் தரையைப் பாக்கல. நடுச் சோபாவுல உக்காந்தார், தண்ணி வேணாம்னார், போடுன்னார். பிரவீனா அனுப்புற டிக்கைப் போட்டு, படத்தை ஓட விட்டா. ரிசீவர் முகத்துல 'ஸ்டீரியோ' போய் 'டால்பி' வந்துச்சு.

முதல் நாலு நிமிஷம் மனுஷன் அசையல. பஸ் கதவு மூடிச்சு, மழை கண்ணாடியில வழிஞ்சுது, இடது பக்கம் ஒரு குறட்டை. அவர் முகத்துல ஒரு மாத்தமும் இல்ல. பிடிக்கலையோ? அந்தப் பையனே மேல்னு நினைச்சுட்டாரோ? பிரவீனா நகத்தைக் கடிச்சுகினு நின்னா.

அஞ்சாவது நிமிஷம். "சார், ஒரே ஒரு நாள் சார்..."

சிவசங்கர் வெடுக்குனு பின்னாடி திரும்பினார். அங்க வலது பக்க ஸ்பீக்கர் கிட்ட ஜெர்சி நின்னுகினு இருந்தா.

"படம் ஓடும்போது கொஞ்சம் பேசாம இரும்மா," கடுப்பாச் சொன்னார்.

ஜெர்சி வாயை இறுக்கி மூடிகினு தலையை ஆட்டினா. குரல் மட்டும் நிக்கல. "எங்க அக்கா பொண்ணுக்கு சர்ச்சுல புதுநன்மை சார்." அவர் ஜெர்சியோட மூடின வாயைப் பாத்தார். ஸ்பீக்கரைப் பாத்தார். திரும்ப வாயைப் பாத்தார்.

"நான் பேசல சார்," ஜெர்சி பயந்து போய்ச் சொன்னா. "அது நான்தான். ஆனா இப்போ நான் பேசல."

சிவசங்கர் தொடையில தட்டித் தட்டிச் சிரிச்சார். கண்ணுல தண்ணி வந்துடுச்சு மனுஷனுக்கு. "இருபத்திரெண்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன்," கண்ணைத் துடைச்சுகினே சொன்னார். "என்னையே ஏமாத்திட்டியேம்மா. இன்னொரு தடவை போடு."

இன்னொரு தடவை போட்டா. அதுக்கப்புறம் நடுவுல நிறுத்தி நிறுத்தி இன்னும் மூணு தடவை. அரை மணி நேரம்னு வந்தவர் கல்யாணத்தையே மறந்துட்டார். கடைசியில எழுந்து, செருப்பை மாட்டிகினே கேட்டார்.

"எப்போ வந்து சேர்றே?"

பிரவீனா மனசுக்குள்ள கணக்குப் போட்டா. நோட்டீஸ் குடுக்கணும், முப்பது நாள் ஆகும், ஹாஸ்டல் பாக்கணும், இவனைத் தனியா வுட்டுட்டு... எல்லாம் ஒண்ணா வந்து நெஞ்சுல நின்னுச்சு.

"நாளைக்கே வருவா சார்," சமையல்கட்டு வாசல்ல இருந்து பிரசன்னா சொன்னான்.

"நோட்டீஸ் மாமா," பிரவீனா முனகினா.

"உங்க கம்பெனியில நான் வந்து பேசறேன். நீ துணியை எடுத்து வை."

அவன் குரல் கொஞ்சம் உடைஞ்சிருந்துச்சு, ஆனா சொல்லு கெட்டியா இருந்துச்சு. 'நான் போகக் கூடாதுன்னுதான பண்ணே'ன்னு ஒரு மணி நேரம் முன்னாடி அவ கேட்டதுக்கும் சேர்த்துத்தான் அவன் பதில் சொல்றான்னு பிரவீனாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஸ்டூடியோக்காரர் நிக்கிறதையும் மறந்து, அவன் சட்டையைப் புடிச்சுகினு ஓன்னு அழுதுட்டா.