உதடு படாத பீர்

“கடல் தாண்டிப் போய், ஒரு ஜக்கு நிறைய பழ பீரை உதட்டுல சொட்டுப் படாம அண்ணாந்து குடிச்சு, ஒரு கடையையே எந்திரிச்சு நின்னு கை தட்ட வெச்ச ஆளு, உலகத்துலயே நான் ஒருத்தன்தான்” என்றார் கண்டக்டர்.

எதிரே உட்கார்ந்திருந்த ஆடிட்டர் மிக்சரை மெல்லுவதை நிறுத்தினார். பக்கத்திலிருந்த மச்சான், அதாவது கண்டக்டர் மனைவியின் தம்பி, கூரையைப் பார்த்துச் சிரித்தார்.

பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கண்டக்டருக்கு அந்தப் பேர் போகவில்லை. ஆடிட்டர்தான் ஓய்வூதியர் சங்கச் செயலாளர். ஆண்டு விழாவில் பயண அனுபவம் பேச யாரை மேடையேற்றலாம் என்று பார்க்க வந்திருக்கிறார். அந்த மைக்குக்காகக் கண்டக்டர் உயிரையே எழுதிக் கொடுப்பார். வேலைக் காலம் பூராவும் ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று தொண்டை கிழியக் கத்தியும் ஒரு ஜீவன்கூடக் காது கொடுத்ததில்லை. உட்கார்ந்து கேட்கிற கூட்டம் இப்போதுதான் முதன்முதலாக வாய்க்கப்போகிறது.

“கண்டக்டர், உங்க பஸ்ல மயில் ஏறி சில்லறை கேட்ட கதைய நெனச்சு சங்கமே இன்னும் சிரிக்குது. இதுக்குச் சாட்சி இருந்தா மைக் உங்களுக்கு. இல்லன்னா போஸ்ட்மேன் பேசுவார்.”

“அவர் எங்க போனாரு? பேச என்ன இருக்கு அவருக்கு?”

“முழங்கால் வலி பத்திப் பேசுறாராம்.”

“மாமா, ஏன் கவலப்படறீங்க? கூடவே போனது அக்காதானே” என்றார் மச்சான். “அக்கா, மாமா பீர் குடிச்சு ஊரே கை தட்டிச்சாம். நடந்துச்சா?”

சமையலறையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. “எனக்குத் தெரிஞ்சு அப்படி எதுவும் நடக்கல” என்று பதில் வந்தது. பிறகு தேங்காய்மேல் என்ன கோபமோ, துருவல் இரண்டு மடங்கு வேகத்தில் தொடர்ந்தது.

நடந்ததுதான். ஆனால் குடித்தது கண்டக்டர் இல்லை.

கடல் தாண்டி மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு மத்தியானம் இருவரும் காலார நடக்கப் போனார்கள். கால் வலித்ததால் ஒரு பழைய கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். நீள நீள பெஞ்சுகள். விட்டத்தை முட்டும் மரப் பீப்பாய்கள். நம்ம நாவற்பழத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையாகும் ஒரு கறுப்புப் பழத்தை பீரோடு சேர்த்துப் போட்டு, வருஷக்கணக்கில் ஊறவிட்டுப் புளிக்கவைப்பது அந்தக் கடையின் பரம்பரை வழக்கம். ஜன்னலோரமாக உட்கார்ந்த கண்டக்டர், பீப்பாயைக் காட்டிக் கண் சிமிட்டி, ஒரு ஜக்கு வரவழைத்து டம்ளரில் ஊற்றிக்கொண்டார். முதல் வாயிலேயே புளிப்பு உச்சந்தலைக்கு ஏறி, அவருடைய இடது புருவம் வழுக்கையின் பாதி வரை போய்விட்டுத் திரும்பியது.

“என்னங்க அது?” என்றாள் மனைவி.

“பழச்சாறு.”

“நாவப்பழமா?”

“அந்த ஜாதிதான்.”

“அப்போ சுகருக்கு நல்லது. இப்படிக் குடுங்க.”

உண்மையைச் சொன்னால் கண்டக்டர் அன்றைக்கே தனியாக ஊர் திரும்ப வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டார். அவளோ எச்சில் பார்க்கிறவள். பெற்ற மகள் வீட்டு டம்ளரில்கூட உதடு வைத்ததில்லை. அவர் டம்ளரை விட்டுவிட்டு ஜக்கைத் தூக்கினாள், அண்ணாந்தாள், விட்டாள். ஊதா நிறத்தில் ஓர் அருவி நேராகத் தொண்டைக்குள் இறங்கியது. மடக் என்ற சத்தம்கூட இல்லை. ஜக்கைக் கவிழ்த்து வைத்து அவள் முந்தானையால் வாயைத் துடைத்தபோது, துடைக்க அங்கே ஒன்றுமே இல்லை. கடையிலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள் பாருங்கள், பீப்பாய்களே ஓர் அடி நகர்ந்தன.

உடனே ஆளாளுக்கு அதே மாதிரி குடிக்கப் பார்த்தார்கள். கடைக்காரரின் வெள்ளைத் தாடி கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. நனையாத சட்டை என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவள் மேஜை மேஜையாகப் போய், “மூச்ச அடக்கு. முழுங்காத, சும்மா விடு” என்று பாடம் எடுத்தாள். தமிழில்தான் எடுத்தாள். எல்லாருக்கும் புரிந்தது.

மறுநாள் தலைவலியோடு எழுந்தவளிடம் அது பீர் என்ற விஷயத்தை மகள் உடைத்துவிட்டாள். ஒரு கல்யாணத்தில் தம்பி ஒரு கிளாஸ் பீர் குடித்த பாவத்துக்காக அவரோடு மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவள் அவள். “இது என் தம்பி காதுக்குப் போச்சு, அப்புறம் நடக்கறதே வேற” என்று கண்டக்டரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கதையை விட மனசு வராத கண்டக்டர் தன்னையே கதாநாயகனாக்கிக்கொண்டார்.

“பீர் வேணாம், கண்டக்டர்” என்றார் ஆடிட்டர். “இந்தத் தண்ணியக் குடிச்சுக் காட்டுங்க, போதும்.”

பிறந்ததிலிருந்து டம்ளருக்குள் மூக்கை விட்டே குடித்துப் பழகியவர் கண்டக்டர். இருந்தாலும் சொம்பைத் தூக்கினார். முதல் வீச்சு நெற்றியில். அடுத்தது காதில். மூன்றாவது மூக்குக்குள் நேராகப் போய், தும்மலாக ஆடிட்டர்மேல் திரும்பி வந்தது.

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போஸ்ட்மேன்கிட்டயே சொல்லிடறேன்.”

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குடித்தது அவள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மைக் கைக்கு வந்துவிடும். கண்டக்டர் சொல்லவில்லை. துண்டால் காதைக் குடைந்தபடி, ஈரச் சட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

தேங்காய்த் துருவல் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டே அவள் கூடத்துக்கு வந்தாள். முதலில் தம்பியைப் பார்த்தாள்.

“வாய மூடு. இப்ப நான் சொல்றதக் கேட்டு அப்புறம் சிரிச்சே, இருக்கு உனக்கு.”

பிறகு ஆடிட்டர் பக்கம் திரும்பினாள். “நடந்தது நெசந்தான் சார். ஆனா குடிச்சது இவர் இல்ல. நான்.”

மச்சான் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடாது என்பதற்காகத் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“நீங்களா?” ஆடிட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். “ஒரு ஜக்கு முழுசுமா?”

“மைக்க இவருக்கே குடுங்க” என்றாள் அவள். “இந்த மனுஷன் பொறந்ததுலேருந்து இன்னிக்குத்தான் ஒண்ணக் கொறச்சுச் சொல்லியிருக்காரு. ரெண்டு ஜக்கு.”