பிந்தி விழுந்த கேட்பு

மூன்றாவது முறையாக வேலி தாண்டிப் பக்கத்துப் பண்ணைக்குப் போய்விட்ட காளையைக் கணவன் டுவேன் ஓட்டிக்கொண்டு வருவதை வெர்னா சமையலறை ஜன்னல் வழியே பார்த்தாள். அவன் வாங்க நினைத்த காளையே இல்லை அது. போன வருஷம் இணையத்தில் நடந்த ஏலத்தில், சாதுவான ஒரு கறுப்புக் காளைக்குத்தான் அவன் பட்டனை அழுத்தினான். அவன் கேட்பு, அதாவது அவன் கேட்ட விலை, போய்ச் சேர்வதற்குள் அது வேறொருவனுக்கு முடிந்து, இந்தச் சண்டிக்காளை ஏலக்கூடத்துக்குள் வந்து நின்று, அவன் விலை இதன் தலையில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து நெப்ராஸ்காவின் அந்த மணல்மேட்டுப் பக்கத்தில், "என்ன டுவேன், குலுக்கல்லயா மாடு எடுத்த?" என்று கேட்காதவன் பாவி. காளை நாலடி நடந்தால் போதும், அதற்குப் பிறக்கும் கன்று எப்படியிருக்கும் என்று சொல்லிவிடுகிறவன், இப்போதெல்லாம் "எதுவானா என்ன, நீயே பாத்து வாங்கு" என்கிறான். வெர்னாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. காளை கிடக்கிறது கழுதை, அவளுக்குப் பழைய டுவேன் வேண்டும்.

வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் செயற்கைக்கோள் டிஷ்ஷை விற்றவன் அவளுடைய சொந்தத் தம்பி லைல். ஒப்பந்தம் முடியப்போகிறதென்று அன்று மதியமே வந்து உட்கார்ந்து, பீன்ஸ் சூப்பில் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"புதுத் திட்டத்துல வேகம் ரெண்டு மடங்குக்கா. கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடு."

"போன தடவ கண்ண மூடிட்டுதான் போட்டேன். அதான் ஊர் வேலியெல்லாம் தாண்டிட்டுத் திரியுது."

டுவேன் தட்டிலிருந்து நிமிரவில்லை. "விடு வெர்னா. டிஷ் என்ன பண்ணும்? என் கைதான் மந்தமாயிருச்சு."

அவள் கம்பித் தொலைபேசியில் ஏலக்கூடத்துக் கேன்டீனில் இருக்கும் ஓப்பலைக் கூப்பிட்டாள். அன்று சாதாரண மாட்டு ஏலம்தான், கணினித் திரையிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. "ஓப்பல், போனை அந்த ஏலம் கத்துறவன் பக்கமாத் திருப்பு." ரிசீவரைத் தம்பி காதில் வைத்தாள், பிறகு கணவன் காதில். ஒரு பசு 'வித்தாச்சு' என்று காதில் கேட்டபோது, திரையில் அதே பசு அப்போதுதான் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தது.

"சிக்னல் அவ்ளோ தூரம் வானத்துக்குப் போயிட்டு வரணும்லக்கா..." என்றான் லைல்.

"பந்தி முடிஞ்ச பிறகு எத்தன அண்டா சோறு வந்து என்னடா?"

"அப்ப வேற ஆளுகிட்டயா வாங்கப்போற? நான் உன் தம்பி!"

"நீ தம்பிதான். உன் டிஷ் எனக்குத் தம்பி இல்ல."

டுவேன் மட்டும் ரிசீவரைக் கீழே வைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தாழப் பறக்கும் செயற்கைக்கோள்களோடு பேசும், வேறொரு கம்பெனியின் புது டிஷ் தொழுவக் கூரையில் ஏறியது. ஓப்பலை மறுபடி கூப்பிட்டு, குரலும் படமும் ஒட்டி வருகின்றன என்று சோதித்த பிறகுதான் வெர்னா பணத்தைக் கட்டினாள்.

காளை ஏலத்தன்று பனி விழுந்து சாலை அடைபட்டிருந்தது. டுவேன் கோட்டுகூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான். திரை முன் உட்கார்ந்திருந்த வெர்னா, வேண்டுமென்றே ஒரு நோஞ்சான் காளைக்கு விலை கேட்கப்போவதுபோல் பட்டனை நோக்கி விரலை நீட்டினாள்.

"அதையா? பின்னங்காலப் பாத்தியா நீ?"

"எனக்கென்ன தெரியும்?" நாற்காலியை அவனுக்கு விட்டு எழுந்தாள்.

அடுத்துச் சிவப்பாக ஒன்று வந்தது. டுவேன் உட்கார்ந்தான், பட்டனை அழுத்தினான். அதே மூச்சில் திரையில் தொப்பிக்காரன் ஒருவன் அவர்களை நோக்கிக் கையை வீசி, "இணையத்துல கேக்குறாங்க!" என்று கத்தினான். கூடத்தில் யாரோ ஏற்றிக் கேட்டார்கள்.

"டுவேன், விலை..." என்று ஆரம்பித்தாள் வெர்னா.

"ஏய், சும்மா இரு. நடையப் பாக்க விடு."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். டுவேன் அதைக் கவனிக்கவில்லை. கையுறையைப் பல்லால் இழுத்துத் தரையில் துப்பிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்து, மறுபடி பட்டனை நோக்கி விரலை நீட்டினான்.