கடைசியா என்ன சொன்னாரு?

“‘முருகா’ன்னு ஒரே வார்த்தைதாங்க. அதோட கண்ண மூடிட்டாரு எங்கண்ணன்.”

பந்தலில் உட்கார்ந்திருந்த யாருக்கோ யோகேஸ்வரி சொல்வது ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் கேட்டது. சவப்பெட்டிக்குள் கிடந்த கணவனின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்த செல்லத்தின் கை அப்படியே நின்றது.

முருகனா? எந்த முருகன்? நேற்று மத்தியானம் வீரமுத்துவின் உயிர் போனபோது இந்த வீட்டில் இருந்தவள் செல்லம் ஒருத்திதான். நாத்தனார் யோகேஸ்வரி அந்த நேரத்தில் பொந்தியானில் தன் வீட்டு அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அதை அவளேதான் சொன்னாள். அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லை என்று இங்கே கூலாய் வரைக்கும் அழுதுகொண்டே வந்தவள்.

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் எப்போது போனார், என்ன செய்தது என்பதையெல்லாம் சாதாரணமாகத்தான் கேட்பார்கள். “கடைசியா என்ன சொன்னாரு?” என்பதை மட்டும் முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சாமி பெயரைச் சொன்னார் என்றால் உச்சுக்கொட்டித் தலையாட்டுவார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றார் என்றால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தண்ணீர் கேட்டார் என்றால்கூடப் போதும், திருப்தியாகிவிடுவார்கள்.

யோகேஸ்வரியும் நேற்று வந்து அண்ணன்மேல் விழுந்து அழுதுவிட்டு அதைத்தான் கேட்டாள். செல்லம் உள்ளதைச் சொன்னாள்.

“‘உன்கூடத் திருடுனதுல எனக்கு ஒரு கொறையும் இல்லடா கூட்டாளி’ன்னாரு.”

யோகேஸ்வரியின் அழுகை டக்கென்று நின்றுவிட்டது.

“ஐயோ அண்ணி! இத வேற யார்கிட்டயாச்சும் சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“சொல்லிடாதீங்க. கோயில் கணக்கு பாத்தவரு. உண்டியல் சாவி இந்த வீட்டுலதான் இருந்திச்சி. கடைசி வார்த்தை இதுன்னு தெரிஞ்சா ஊரு வாய மூட முடியுமா? அதுலயும் பொண்டாட்டிய ‘டா’ போட்டு!”

அவள் பயந்ததிலும் தப்பில்லை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற வீரமுத்து, உடம்பு விழும்வரை கோயில் பொருளாளராக இருந்தவர். சாமிக்கு உடைத்த தேங்காய் மூடியைக்கூட வீட்டுக்கு எடுத்து வராத மனிதர். அப்படிப்பட்டவர் திருட்டைப் பற்றிப் பேசிவிட்டுச் செத்தார் என்றால் யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது?

ஆனால் அது ஒரு படத்தில் வரும் வசனம். நெட்டையன் ஒருவன், குட்டையன் ஒருவன், இரண்டு திருடர்கள். பணம் இருக்கிறது என்று நம்பி ஒரு வேனைத் திருடுகிறார்கள். உள்ளே இருப்பதோ கல்யாணச் சமையல் அண்டாக்கள். துரத்தும் போலீசுக்குப் பயந்து, சமையல்காரர்கள் என்று பொய் சொல்லி ஒரு கல்யாண வீட்டுக்குள் புகுந்தால், அது துரத்திய இன்ஸ்பெக்டரின் மகள் கல்யாணம். அவ்வளவுதான் கதை. கல்யாணமான புதிதில் கூலாய் தியேட்டரில் பார்த்தார்கள். வீரமுத்து சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். அப்புறம் வீடியோ கேசட், சிடி, இப்போது யூடியூப். தீபாவளிக்கு முறுக்கு கருகிப்போனாலும் போகும், அந்தப் படம் தவறாது. நெட்டையன் வசனத்தை வீரமுத்து சொல்வார், குட்டையன் வசனத்தைச் செல்லம் சொல்வாள். “இதுங்க ரெண்டும் திருந்தவே திருந்தாது,” என்று மகள் ரூபினி எழுந்து போய்விடுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போய்விட்டது. இனி வருவது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வாயைத் திறந்தால் ‘தா, தா’ என்பது மட்டும் வரும். செல்லம் என்ற பெயர்கூட வரவில்லை. வராதபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். வீட்டில் ஆள் இருந்தும் ஆள் இல்லாத மாதிரி இருந்தது. செல்லம் பாத்திரம் கழுவும் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுதாவது போகட்டும் என்று ரூபினி அந்தப் படத்தைப் போட்டுவிட்டாள். செல்லம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் நெட்டையன் குரல் கேட்டது. அதோடு சேர்ந்து இன்னொரு குரலும் கேட்டது.

“திருடப் போறதுக்கு முன்னாடி சாப்ட்டுடணும்டா. மாட்டிக்கிட்டா எவன் சோறு போடுவான்?”

ஒரு சொல்லும் தடுக்கவில்லை. கத்தியும் கையுமாக ஓடிவந்த செல்லத்தை வீரமுத்து பார்த்தார். பேசியது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது போலும், மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வந்தது. அன்று மூவரும் சிரித்தார்களா அழுதார்களா என்று கேட்டால் செல்லத்துக்குச் சொல்லத் தெரியாது.

சொந்தப் பேச்சு போனாலும் மனப்பாடமாக இருப்பது சிலருக்கு நிற்கும் என்று, கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் மலாய்ப் பெண் விளக்கினாள். செல்லத்துக்கு விளக்கமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அந்தப் படத்தை எடுத்தவன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று அன்றைக்கே சாமிக்கு விளக்கேற்றினாள்.

அதற்குப் பிறகு தினம் ஒருமுறை படம் ஓடியது. வீரமுத்து கெட்டிக்காரர். எந்த வசனத்தை எங்கே போடலாம் என்று பிடித்துக்கொண்டார். பசித்தால் சோற்று வசனம். அந்த மலாய்ப் பெண் வந்து காலைப் பிடித்து மடக்கினால், “ஐயா, நாங்க அப்பாவிங்க! வேன் தானா ஓடி வந்துடுச்சி!” குளிப்பாட்டும்போது, “எல்லாத்தையும் எடுத்துக்குங்க, வேட்டிய மட்டும் விட்டுடுங்க!” தங்கை யோகேஸ்வரி வருகிறாள் என்றால், “டேய், இன்ஸ்பெக்டர் வர்றான்டா!”

படத்தின் கடைசிக் காட்சியில் இருவரும் ஓடும்போது நெட்டையனின் கால் சாக்கடைக் கம்பியில் மாட்டிக்கொள்ளும். நீயாவது ஓடு என்று குட்டையனிடம் சொல்லிவிட்டு அவன் பேசுவதுதான் அந்த வசனம். இரண்டு வருடத்தில் வீரமுத்து அதை ஒருநாளும் எடுத்ததில்லை. எடுக்கும்படி எதுவும் நடக்கவுமில்லை.

நேற்று டிவி ஓடவில்லை. செல்லம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கரண்டியைத் தள்ளிவிட்டு, முகத்தைப் பார்த்து நிதானமாக அதைச் சொன்னார். “சரி சரி, வாயில கஞ்சி இருக்கு, முழுங்குங்க,” என்றாள் செல்லம். அவரும் முழுங்கினார். கிண்ணத்தைக் கழுவிவைத்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இதைத்தான் யோகேஸ்வரி ‘முருகா’ ஆக்கிக்கொண்டிருந்தாள்.

செல்லம் அவளைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். ரூபினி அங்கே வந்தவர்களுக்கு மைலோ கலக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏன் யோகேஸ் இப்படிப் பண்ற?”

“கோயில் தலைவர்கிட்டயும் சொல்லிட்டேன் அண்ணி. பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி மைக்குல பேசுவாருல்ல, அப்ப சொல்லுவாரு. அண்ணனுக்கு மரியாதையா இருக்கும். முருகன் பேரு என்ன கெட்ட பேரா?”

“முருகன் நல்லவருதான். ஆனா ரெண்டு வருஷமா இந்த வீட்டுல என்கிட்ட பேசுனது முருகன் இல்லையே. அவரு என்கிட்ட சொல்லிட்டுப் போனது அது ஒன்னுதான். நீ மாத்திட்டா, என்கிட்ட ஒன்னுமே சொல்லாம போயிட்டதா ஆயிடும்.”

“அத்த, அம்மா சொல்றதும் நியாயம்தான் லா,” என்றாள் ரூபினி.

யோகேஸ்வரிக்கு முகம் சிவந்தது. “உங்களுக்காச்சும் ஒன்ன சொன்னாரு. கூடப் பொறந்தவ நான், எனக்கு என்ன சொன்னாரு? வந்தா ‘இன்ஸ்பெக்டர் வர்றான்டா’ன்னு கேலி. அது ஒன்னுதான் எனக்கு மிச்சம்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

செல்லத்துக்கு இது புதிது. “அடிப்பாவி, இத்தன நாளா இதயா மனசுல வச்சிருந்த? நீ வந்தப்புறமா சொன்னாரு? நீ வர்ற அன்னிக்கி விடிஞ்சதுலேருந்து அதான் வாயில. வாசக்கதவ தெறந்து வைக்கக் கைய காட்டிட்டு, அங்கயே பாத்துக்கிட்டு இருப்பாரு. நீ லேட்டா வந்தா சாப்புட மாட்டாரு.”

அதற்குள் பந்தலில் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

கோயில் தலைவர் மகேஸ்வரன் மைக் பிடித்தால் அவருக்கு வேறு தமிழ் வந்துவிடும். “அமரர் வீரமுத்து அவர்கள் அன்பின் உருவம், நேர்மையின் சிகரம்,” என்று ஆரம்பித்தார். லாரி, கோயில் திருப்பணி, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் எல்லாம் வந்தன. பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு ஈமச்சடங்குக்காரர்கள் இருவர் கூடத்தில் தயாராக நின்றார்கள். மூடிவிட்டால் அப்புறம் மின்சுடலைதான். அதற்குப் பிறகு யார் எதைத் திருத்தி என்ன ஆகப்போகிறது?

“இறுதி மூச்சிலும் அந்தப் பக்தர், ‘முருகா’ என்ற ஒற்றைச் சொல்லை...”

“இல்லைங்க தலைவரே.”

செல்லம் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். மகேஸ்வரன் என்ன செய்வதென்று தெரியாமல் மைக்கை அவளிடமே நீட்டிவிட்டார்.

“அவரு முருகான்னு சொல்லல. ‘உன்கூடத் திருடுனதுல எனக்கு ஒரு கொறையும் இல்லடா கூட்டாளி’ன்னு சொன்னாரு. என்னப் பாத்து சொன்னாரு.”

மகேஸ்வரன் துண்டால் நெற்றியைத் துடைத்தார்.

“கோயில் காசுன்னு யாரும் பயந்துடாதீங்க. அது ஒரு படத்துல வர்றது.”

“அந்த அண்டா வேன் படமாக்கா?” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. வீரமுத்துவோடு லாரி ஓட்டியவர்.

“அதே படந்தான்.”

“ஐயா, நாங்க அப்பாவிங்க...” என்று அவர் ஆரம்பித்துவிட்டு, சாவு வீடு என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்திலிருந்தவரால் அடக்க முடியவில்லை. சிரிப்பு நாற்காலிக்கு நாற்காலி பரவியது. மகேஸ்வரன்கூடத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். செல்லமும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வந்தது, அதை அவள் துடைக்கவில்லை.

“முருகனுக்கும் நன்றி சொல்றேன். அந்தப் படத்த எடுத்த புண்ணியவானுக்கும் சொல்றேன். பேச்சே போயிடுச்சின்னு எல்லாரும் சொன்னீங்க. எங்கிட்ட பேசுனாரு. ரெண்டு வருஷம் நல்லா பேசுனாரு. போதும்.”

மைக்கைக் கொடுத்துவிட்டு அவள் கூடத்துக்குள் வந்தாள். யோகேஸ்வரி பெட்டியின் கால்மாட்டில் நின்றுகொண்டு அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

“அண்ணி.”

“ம்?”

“அதுக்கு அந்தக் குட்டையன் என்ன பதில் சொல்லுவான்? நான் அந்தப் படத்த முழுசா பாத்ததே இல்ல.”

“ஒன்னும் சொல்ல மாட்டான். ஓடவும் மாட்டான். போலீஸ் வர்ற வரைக்கும் பக்கத்துல போயி உக்காந்துக்குவான்.”

மூடியோடு நின்ற ஈமச்சடங்குக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மூடியை மெதுவாகச் சுவரில் சாய்த்துவைத்தார்.

யோகேஸ்வரி பந்தலுக்குப் போய் இரண்டு நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்தாள்.