அறை வெப்பநிலை

நான்கு வருஷமாக ஓர் இளஞ்சிவப்புப் படிகத்தோடு குடித்தனம் நடத்துகிறேன். பென்டசீன் என்ற கரிமப் பொருளைக் கலந்து நானே வளர்த்தது, சுண்டுவிரல் நகம் அளவு. ஒளி பாய்ச்சினால் மிக மெல்லிய மைக்ரோவேவ் அலையைக்கூட இரைச்சல் அதிகம் சேர்க்காமல் பெருக்கித் தரும். இதே வேலைக்கு மற்ற கருவிகள் கடுங்குளிரான திரவ ஹீலியத்தில் ஊற வேண்டும். என் கல்லுக்கு மாடம்பாக்கத்து மே மாதமே போதும்.

'குளிரூட்டல் வேண்டாக் கருவிகள்' என்ற திட்டத்துக்காக அதைச் சோதிக்க மூன்று நிபுணர்கள் எங்கள் கல்லூரிக்கு வந்தார்கள். தேறினால் ஆய்வு தொடரும். தேறாவிட்டால் ஆய்வகத்தைக் காலி செய்து யோகா வகுப்புக்கு விட்டுவிடுவதாகக் கல்லூரி முதல்வர் முன்பே சொல்லியிருந்தார்.

குழுத் தலைவர் கதிரேசன் சார் உள்ளே வந்ததும் கேட்ட முதல் அறிவியல் கேள்வி, "ஏசி இல்லையாம்மா?"

இருந்தது. போட்டால் அதன் மின்இரைச்சலில் என் சிக்னல் மூழ்கிவிடும். அணைத்தால் சிக்னல் வரும், நிபுணர்கள் வெளியே ஓடிவிடுவார்கள். இரண்டு முறை இப்படியே நடந்தது.

"பக்கத்து ரூம்ல ஏசி போட்டு, கண்ணாடி வழியா பாருங்க சார்."

"அதே ரூம்ல இருந்து பாக்கணும்னு விதி இருக்கும்மா," என்றார் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே.

நாற்பத்தோரு டிகிரியைக் கல் தாங்குகிறது, கல்லைச் சோதிக்க வந்தவர்கள் தாங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் டெக்னீஷியன் டெனிஸ் அண்ணாதான் வழி கண்டுபிடித்தார். "இதுக்குப் போயி இன்னாத்துக்கு மேடம் பேஜாராவுறீங்க? தோ வந்துட்டேன்!" தாம்பரம் மீன் மார்க்கெட்டிலிருந்து மூன்று ஐஸ் பாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். உடைத்து வாளிகளில் கொட்டினார். மூன்று முனைவர்களும் ஷூவைக் கழற்றி, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, வஞ்சிர வாசனை அடிக்கும் ஐஸில் காலை விட்டு உட்கார்ந்தார்கள். முகத்தில் அப்படியொரு தெய்வீகக் களை.

ஏசியை அணைத்துவிட்டு ஒளியைப் பாய்ச்சினேன். திரையில் சிக்னல் ஊசிபோல எழுந்து நின்றது.

"பிரமாதம்!" என்று கதிரேசன் சார் வாளிக்குள்ளேயே துள்ளினார். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. டெனிஸ் அண்ணா எல்லாருக்கும் டீ சொன்னார்.

பத்தாம் நாள் அறிக்கை வந்தது. 'கருவி மிகச் சிறப்பாக இயங்குகிறது. குளிரூட்டல் தேவைப்பட்டதா? ஆம். ஐஸ் பார் மூன்று. ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

உடனே கதிரேசன் சாருக்கு போன் போட்டேன். "சார், அந்த ஐஸ் உங்க காலுக்கு வெச்சது! கல்லுக்கு இல்ல!"

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றார் உண்மையான வருத்தத்தோடு. "ஆனா காலுக்கா, கல்லுக்கான்னு படிவத்துல கேக்கலையே."