நாளைக்கு யார் பாடு

தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த திவ்யாவிடம் மீனவர் சங்கச் செயலாளர் தீனா குனிந்து கேட்டார்.

"நாளைக்கு யாரு பாடும்மா? ரெண்டு குப்பத்து ஆளுங்களும் வாசல்லயே நிக்கிறாங்க."

'கேட்கிற நேரமா இது' என்று அவள் அம்மா கோவிந்தம்மா பார்வையாலேயே சுட்டாள். ஆனால் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஏரியில் இன்ன நாள் இன்ன வீட்டுக்காரர்தான் வலை விடலாம் என்ற முறைதான் பாடு. ஒரு பெயர் மாறினாலும் மண்டை உடையும். அந்த முறையைப் பல வருஷமாகப் பிசகாமல் சொல்லிவந்தது திவ்யாவின் அப்பா துளசிங்கம் விபி என்ற பழைய கணினி மொழியில் எழுதிய மென்பொருள். எழுதியவர் நடுவீட்டில் கிடக்கிறார்.

அதைப் புதிதாக எழுதித் தருவதாகச் சென்னையில் வேலை பார்க்கும் திவ்யா சொல்லி மாதக் கணக்காயிற்று. எந்த மொழி என்பதிலேயே அப்பனும் மகளும் முட்டிக்கொண்டார்கள். அவளுக்குப் பைத்தான் வேண்டும். அவருக்கு விபி டாட்நெட்.

"அது சாவப்போற பாஷை, நைனா."

"சாவட்டும். எனக்குப் படிக்க வருதில்ல? தப்பாச்சுன்னா என் சட்டையத்தான் புடிப்பானுங்கோ, உன் கம்பெனிய இல்ல. நீ இன்னா எழுதுனன்னு நான் பாக்க வேணாமா?"

அவள் பாட்டுக்குப் பைத்தானிலேயே எழுதி முடித்தாள். அவரும் பிறகு கேட்கவில்லை.

இப்போது மடிக்கணினியைத் திறந்ததும் நாளைக்கான பெயர் பளிச்சென்று வந்தது. சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். ஊரில் சாவு விழுந்தால் ஏரியில் ஒருவரும் வலை விடமாட்டார்கள். அப்படியானால் இன்றைக்குப் பாடு இருந்தும் வலை விடாதவனின் முறை நாளைக்குத் தள்ளிப்போக வேண்டாமா? அவள் எழுதியதற்குச் சாவு என்றால் என்னவென்றே தெரியாது. அவர் படிக்கிற மொழியில் எழுதியிருந்தால் முதல் நாளே அதைக் கேட்டிருப்பார்.

மூலையிலிருந்த பழைய கணினியை உயிர்ப்பித்தாள். அது முக்கி முனகி எழுந்தது. திரையின் ஓரத்தில், இத்தனை நாள் அவள் கண்ணிலேயே படாத ஒரு பொத்தான்: துக்கம். அழுத்தினாள். எல்லார் முறையையும் ஒருநாள் தள்ளிவைக்குமுன் அது இறந்தவர் பெயரைக் கேட்டது.

'துளசிங்கம்' என்று அடித்தாள்.

சின்னப் பெட்டி ஒன்று எழுந்தது. துளசிங்கம் பேசுகிற மாதிரியே கேட்டது.

நெசமாவா?

கீழே இரண்டே பதில்கள்: ஆமா, இல்ல.

"யாரும்மா?" என்றார் தீனா, வாசலிலிருந்து.

'இல்ல' மேல் போய் நின்றிருந்த அம்புக்குறியை அவள் மெல்ல நகர்த்தினாள்.