படிக்க மட்டும்

மராத்தி ஊரான வாகடில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜம்புலிங்கத்தோடு லிஃப்டில் ஏற யாருக்கும் விருப்பமில்லை. எட்டு மாடி ஏறுவதற்குள் கம்ப்யூட்டருக்கு விண்டோஸைவிட லினக்ஸ் எவ்வளவு நல்லது என்று சொல்லி முடித்துவிடுவார். போதாததற்கு குடியிருப்போர் சங்கமான சொசைட்டிக்கு மாதம் ஒரு புகார்க் கடிதம் வேறு அனுப்புவார். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

ஒரு ஞாயிறு காலை சொசைட்டி செயலாளர் சுந்தரராமன் லேப்டாப்பும் கையுமாக அவர் வாசலில் நின்றார்.

"விண்டோஸ் கிளம்பவே மாட்டேங்குது சார். பதினோரு மணிக்குப் பொதுக்குழு. ரிப்போர்ட் இதுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு."

ஜம்பு இந்த நாளுக்காக மூன்று வருடமாகக் காத்திருந்தார். லினக்ஸ் இருந்த பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்பினார். நாலே நிமிடத்தில் விண்டோஸ் டிஸ்கில் இருந்ததெல்லாம் திரையில் வந்து நின்றது. இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ரிப்போர்ட் இருந்தது. பக்கத்திலேயே ஒரு ஃபோல்டர்: 'ஜம்பு – பதில் போட வேண்டாம்'. கமிட்டியில் மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்று சுந்தரராமன் தமிழில் பெயர் வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தில் அவரைத் தவிர தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஜம்பு மட்டும்தான்.

இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

"அதை அழிச்சிடுங்களேன்," என்றார் சுந்தரராமன்.

"முடியாது சார். விண்டோஸ் முழுசா அணையல, அரைத்தூக்கத்துல இருக்கு. இப்போ கை வெச்சா டிஸ்க் கெட்டுடும். படிக்க மட்டும்தான் முடியும்."

"அப்போ படிச்சுக்குங்க."

ஜம்பு திறந்தார். முப்பத்தோரு கடிதம். தேதிவாரியாக, ஒன்று விடாமல். அவரிடமே அத்தனை இல்லை. திட்டுவதற்காக வாயைத் திறந்தவர் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஏழாவதுல ஒரு எழுத்துப் பிழை இருக்கும்," என்றார் கடைசியில்.

"இருந்தது. திருத்தி வெச்சிருக்கேன்."

ரிப்போர்ட்டோடு சேர்த்து அந்த ஃபோல்டரையும் ஜம்பு நகலெடுத்துக் கொடுத்தார்.

பொதுக்குழுவில் சுந்தரராமன் ரிப்போர்ட்டை வாசித்து முடித்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்தது பற்றிய ஜம்புவின் கடிதத்தையும் வாசித்தார். புது மூடி போடுவதென்று எல்லோரும் கை தூக்கினார்கள்.

ஜம்பு எழுந்து, அந்த மூடியைப் போன தீபாவளிக்கே தான் மாற்றிவிட்டதாகச் சொன்னார்.

சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.