பீரங்கி மாமாவின் இரும்பு டானிக்

ஸ்கூட்டர் மெக்கானிக்குக்குத் தெருவே வைத்த பெயர் பீரங்கி. அவர் தும்மினால் ஸ்டாண்டு போட்ட வண்டிகள் பொத்துப் பொத்தென்று சாயும்; செத்துப்போன ஹாரன்கள் எழுந்து ஒருமுறை அலறிவிட்டு மறுபடி சாகும். அப்பேர்ப்பட்டவர் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றும் கூடத்துக்குள் நுழைந்தால் மட்டும் நனைந்த பட்டாசு.

அங்கே படுத்திருந்தவள் அவருடைய அக்கா மகள். வயது பதினேழு. வியாதியின் பெயர் தலசீமியா. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி; அவர்களிடம் சாதுவாக இருந்த இரண்டும் இவளிடம் கூட்டுச் சேர்ந்துகொண்டன. இவள் உடம்பு செய்கிற சிவப்பணுக்கள் உருப்படுவதற்குள் உடைந்துபோகும். கைக்குழந்தையிலிருந்தே ஊரார் ரத்தம்தான் ஓடுகிறது. இதுவரை ஏற்றியதைத் தொட்டியில் ஊற்றினால் நாலு யானை நீந்தும் என்பார் மாமா.

அன்று டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசினாலே நல்ல சேதியில்லை.

"இதயத்துல இரும்பு நிறைய படிஞ்சிருச்சும்மா. ரொம்பத் தளர்ந்துபோச்சு. இனிமே மருந்து பெரிசா எதுவும் செய்யாது."

"மாத்திரையை ஒழுங்கா முழுங்கினியாடி?" என்று மகளைப் பிடித்து உலுக்கினாள் அக்கா.

மாமா தலையில் இடி இறங்கியது. இரும்பா! பட்டறை அலமாரியில் கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு படைக்கே போதுமான இரும்புச்சத்து டானிக் இருந்தது. வெளுத்த பிள்ளைக்கு வேறென்ன குறைச்சல் என்று தாமே வைத்தியராகி, அவள் பட்டறைக்கு வரும்போதெல்லாம் அக்காவுக்குத் தெரியாமல் மூடி மூடியாக ஊற்றிக்கொடுத்தவர் அவர்தான்.

அக்கா முகம் கழுவப் போனதும் கட்டிலருகே குனிந்தார். பயத்துக்குள்ளேயே ஓர் ஆசை குறுகுறுத்தது. குற்றவாளி தாம்தான் என்றால் குற்றத்தை நிறுத்திவிடலாம். நிறுத்தினால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

"பாப்பா, எல்லாம் அந்த டானிக்காலதான். நான்தான் பாவி. டாக்டர்கிட்ட சொல்லிடறேன். என்னைத் தூக்குல போட்டாலும் போடட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே மூச்சும் வாங்கியது. "அதை யாரு குடிச்சா? நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் வாஷ்பேசின்ல ஊத்திடுவேன். எனக்கு இரும்பு ஆகாதுன்னு சின்ன வயசுலேயே சொல்லிட்டாங்க மாமா."

"அப்போ எதுக்குடி கையை நீட்டி வாங்கினே?"

"மூடியை நீட்டும்போது உங்க மூஞ்சியைப் பார்க்கணுமே! உலகத்தையே காப்பாத்தின மாதிரி இருப்பீங்க."

"பொய் சொல்லாதே. ஒரு மூடியாவது உள்ள போயிருக்கும்."

"இல்ல மாமா."

"அரை மூடி?" கெஞ்சினார்.

இல்லையென்று அவள் தலையசைத்தாள்.

"பின்னே எங்கேருந்துடி வந்துச்சு அவ்வளவு இரும்பு?"

அவள் மேலே தொங்கிய ரத்தப் பையைக் கண்ணால் காட்டினாள். "ஒவ்வொரு பையிலயும் கொஞ்சம் வரும். வெளியே போக உடம்புல வழியில்ல. அம்மா சொன்ன மாத்திரையும் கொஞ்சத்தைத்தான் வெளியே இழுக்கும்."

"அப்போ அதைக் கழட்டச் சொல்லு!" பீரங்கி வெடித்தது. கூடமே திரும்பிப் பார்த்தது.

"கழட்டினா இன்னும் சீக்கிரமாப் போயிடுவேன் மாமா."

பை காலியாகியிருந்தது. நர்ஸ் அடுத்ததை எடுத்து வந்தார். "ஊசி நகராம இவ கையைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க," என்றார்.

மாமா பிடித்துக்கொண்டார்.